ஈஎஃப் குறி போட்டாச்சு, ரூட்டரில் வாய்ஸ் கிளாஸ் எண்ணிக்கை பூஜ்யம்: பெருந்துறை – திருப்பூர் லிங்க்

பனியன்_நெட் · திங்கள், மாலை 6:20

எல்லாருக்கும் வணக்கம்ங்க. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கிறேன். அவிநாசி ரோட்டில் ஆபீஸ், பெருந்துறை சிப்காட்டில் சாய யூனிட். நடுவில் 20 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன், அதன்மேல் ஐபிசெக் டனல் (பாக்கெட்டுகளை என்க்ரிப்ட் செய்து, அதாவது பூட்டி, அனுப்பும் வழி). பிபிஎக்ஸ் (போன் இணைப்பகம்) ஆபீஸில் இருக்கிறது. யூனிட்டில் 14 ஐபி போன்.

காலை 11 மணி வாக்கிலும் சாயங்காலம் 5 மணிக்கு மேலும் யூனிட்டில் பேசுகிறவர் குரல் ஆபீஸில் விட்டு விட்டுக் கேட்கிறது. ஆபீஸ் குரல் அங்கே தெளிவாகக் கேட்கிறது. லேபிலிருந்து ஷேடு போட்டோக்களும் கேமரா பதிவுகளும் ஆபீஸ் சர்வருக்கு ஏறுவது அந்த நேரத்தில்தான். சனிக்கிழமை போனில் லாட் நம்பர் பாதி விழுங்கிப்போய், வேறு லாட் துணியை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வண்டி வாடகை போனதோடு கட்டிங் டேபிள் அரைநாள் சும்மா நின்றது.

க்யூஓஎஸ் (எந்தப் பாக்கெட்டுக்கு முன்னுரிமை என்ற ஏற்பாடு) போடாமல் இல்லை. போனில் டிஎஸ்சிபி (பாக்கெட்டில் போடும் முன்னுரிமைக் குறி) 46, அதாவது குரலுக்கான ஈஎஃப். யூனிட் ரூட்டரில் ‘மேட்ச் டிஎஸ்சிபி ஈஎஃப்’ என்று ஒரு கிளாஸ், அதற்கு 2 எம்பிபிஎஸ் ப்ரையாரிட்டி. பாலிசி வேன் போர்ட்டில் (WAN, வெளி லைன் மாட்டும் இடம்) வெளிப்போக்குத் திசையில் கட்டியிருக்கிறது. ஆனால் ‘ஷோ பாலிசி-மேப் இன்டர்ஃபேஸ்’ பார்த்தால் வாய்ஸ் கிளாஸில் 0 பாக்கெட். எல்லாமே கிளாஸ்-டிஃபால்ட்டில் (வேறு கிளாஸில் சேராதவை போகும் இடம்) போய் விழுகிறது. மூன்று நாளாகக் கான்ஃபிகை வரி வரியாகப் படிக்கிறேன், தப்பு கண்ணில் படவில்லை.

சங்ககிரி_லோடு · திங்கள், மாலை 7:05

இன்டர்நெட் லைனில் எந்த சர்வீஸ்காரரும் உங்கள் டிஎஸ்சிபியை மதிக்கப்போவதில்லை. வழியிலேயே கழுவி 0 ஆக்கிவிடுவார்கள். லைனை 50 ஆக்குங்கள், பிரச்சினை முடியும். நாங்கள் லாரி ஆபீஸில் அப்படித்தான் செய்தோம்.

சிறுவாணி · திங்கள், இரவு 8:40

சங்ககிரி அண்ணா, வெளியே யாரும் மதிப்பதில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே நெரிசல் எங்கே உருவாகிறது? யூனிட்டிலிருந்து வெளியேறும் வாசலில். அந்த வாசல் நம்முடையது. அங்கே எந்தப் பாக்கெட் முதலில் போவது என்பதை நம் ரூட்டர்தான் முடிவு செய்கிறது, அந்த முடிவுக்குக் குறி வேண்டும். லைனை 50 ஆக்கினாலும் ஃபைல் அனுப்பும் டிசிபி இருக்கும் இடத்தையெல்லாம் நிரப்பத்தான் பார்க்கும். உங்களுக்குச் சரியாகிவிட்டது என்றால் உங்களிடம் பெரிய ஃபைல் போக்குவரத்து குறைவு என்று நினைக்கிறேன்.

பனியன் தம்பி, பாலிசி சரியாகத்தான் தெரிகிறது. ரூட்டருக்கு வந்து சேரும் பாக்கெட்டில் 46 இல்லை, அவ்வளவுதான். போனுக்கும் ரூட்டருக்கும் நடுவில் என்ன ஸ்விட்ச்?

பனியன்_நெட் · திங்கள், இரவு 8:52

சிஸ்கோ 2960 அக்கா. பழசு. ‘எம்எல்எஸ் க்யூஓஎஸ்’ ஆன் செய்திருக்கிறேன். போன் போர்ட்டில் ‘ட்ரஸ்ட் காஸ்’.

காளிங்கராயன் · திங்கள், இரவு 10:15

அங்கேதான் இருக்கிறது தம்பி. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கும் உதவும்.

ஐபி ஹெடரில் இரண்டாவது பைட் இந்தக் குறிக்கானது. 1981-இல் வந்த ஆர்எஃப்சி 791-இல் அதற்கு டாஸ் என்று பெயர். 1998-இல் ஆர்எஃப்சி 2474 அந்த எட்டு பிட்டில் முதல் ஆறை டிஎஸ்சிபி ஆக்கியது, அதனால் 64 மதிப்புகள். கடைசி இரண்டு பிட் நெரிசல் அறிவிப்புக்குப் போய்விட்டது. குரலுக்கான ஈஎஃப் 46. டூல்கள் சிலது முழு பைட்டையும் காட்டும், அதில் இதே ஈஎஃப் 184 என்று வரும் (46-ஐ நாலால் பெருக்கியது). இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாமல் ஒரு முழு ராத்திரியை நான் தொலைத்திருக்கிறேன்.

காஸ் என்பது வேறு. அது ஈதர்நெட் வீலேன் டேக்கில் இருக்கும் 3 பிட். போன் தன் குரலுக்கு காஸ் 5, டிஎஸ்சிபி 46 என்று இரண்டையும் போட்டு அனுப்பும். நீங்கள் ‘ட்ரஸ்ட் காஸ்’ என்று சொன்னதால் ஸ்விட்ச் காஸை மட்டும் நம்பி, டிஎஸ்சிபியைத் தன்னிடம் உள்ள அட்டவணைப்படி புதிதாக எழுதுகிறது. அந்த அட்டவணையின் டிஃபால்ட் 0, 8, 16, 24, 32, 40, 48, 56. காஸ் 5-க்கு நேரே 40. ஆக, 46 என்று உள்ளே போன பாக்கெட் 40 ஆக வெளியே வருகிறது. ரூட்டர் 46-ஐத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

என் பேச்சை நம்ப வேண்டாம், எண்ணிப் பாருங்கள். ‘ஷோ எம்எல்எஸ் க்யூஓஎஸ் இன்டர்ஃபேஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ கொடுத்தால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் உள்ளே வந்த டிஎஸ்சிபி, வெளியே போன டிஎஸ்சிபி இரண்டும் ஐந்து ஐந்தாக வரிசை போட்டு வரும். போன் போர்ட்டில் உள்வரவுப் பகுதியில் ‘45 – 49’ வரிசையின் இரண்டாவது எண்ணைப் பாருங்கள், அது 46-க்கான கணக்கு. அப்புறம் ரூட்டருக்குப் போகும் அப்லிங்க் போர்ட்டில் வெளிப்போக்குப் பகுதியில் ‘40 – 44’ வரிசையின் முதல் எண்ணைப் பாருங்கள்.

யாராவது ஒருவரைப் பேசச் சொல்லிக்கொண்டே பாருங்கள். சும்மா கிடக்கும் போனில் ஒன்றும் ஏறாது.

பனியன்_நெட் · செவ்வாய், காலை 9:48

அண்ணா, சொன்னது சொன்னபடி. காலையிலேயே பெருந்துறை வந்துவிட்டேன். செக்யூரிட்டி அண்ணனை ஆபீஸுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு இரண்டு தடவை கமாண்டு கொடுத்தேன். போன் போர்ட் உள்வரவில் 46 ஏறுகிறது. அப்லிங்க் வெளிப்போக்கில் 46-க்கு நேரே 0, 40-க்கு நேரே அதே வேகத்தில் ஏறுகிறது. போட்ட குறி ஒரு ஸ்விட்ச்சைக்கூடத் தாண்டவில்லை.

‘ட்ரஸ்ட் டிஎஸ்சிபி’ என்று மாற்றினேன். உடனே ரூட்டரில் வாய்ஸ் கிளாஸ் ஓட ஆரம்பித்தது. ஆறு மாதமாகச் செத்துக்கிடந்த வரி அது.

காளிங்கராயன் · செவ்வாய், காலை 10:30

நல்லது. இப்போது ஏறுவது போதுமான அளவு ஏறுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், கணக்கு எளிது. ஜி.711 கோடெக் (குரலை டேட்டாவாக மாற்றும் முறை), 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் என்றால் ஒரு காலுக்கு ஒரு திசையில் நொடிக்கு 50 பாக்கெட். 6 கால் ஓடினால் 300. பத்து நொடி இடைவெளியில் இரண்டு முறை கவுன்ட்டர் எடுத்தால் வித்தியாசம் 3,000-ஐ ஒட்டி வர வேண்டும். 2,000 வந்தால் இரண்டு போன் குறியில்லாமல் போகிறது. 9,000 வந்தால் குரல் இல்லாத எதுவோ உங்கள் வாய்ஸ் வரிசையில் நுழைந்திருக்கிறது. ‘கிளாஸில் ஏதோ ஏறுகிறது’ என்று பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள் நிறைய.

பனியன்_நெட் · செவ்வாய், மாலை 6:10

4 கால் ஓடும்போது பத்து நொடியில் 2,006. கணக்கு சரி.

ஆனால் 5 மணிக்கு மறுபடி குரல் உடைந்தது. அந்த நேரத்திலும் வாய்ஸ் கிளாஸில் ட்ராப் 0, கிளாஸ்-டிஃபால்ட்டிலும் ட்ராப் 0. எங்கேயும் எதுவும் விழவில்லை என்று ரூட்டர் சொல்கிறது, காதில் கேட்பது வேறு.

சிறுவாணி · செவ்வாய், இரவு 7:30

வேன் போர்ட் வேகம் என்ன?

பனியன்_நெட் · செவ்வாய், இரவு 7:34

1 ஜிபிபிஎஸ். ஓ... லைன் 20 தானே.

சிறுவாணி · செவ்வாய், இரவு 8:05

அதேதான். ரூட்டர் தன் போர்ட் 1 ஜிபிபிஎஸ் என்று நினைத்து வந்ததையெல்லாம் உடனே தள்ளிவிடுகிறது. அதன் பார்வையில் நெரிசலே இல்லை. வரிசை உருவானால்தானே யாரை முன்னால் விடுவது என்ற கேள்வி வரும்? நெரிசல் அடுத்த முனையில், சர்வீஸ்காரர் 20-க்கு மேல் வருவதை வெட்டும் இடத்தில் நடக்கிறது. அங்கே குரல், போட்டோ என்ற பாகுபாடு இல்லாமல் வெட்டு விழும். ட்ராப் 0 என்பதை ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லைன் நிரம்பும் நேரத்தில் கிளாஸ்-டிஃபால்ட்டில் ட்ராப் தெரியாவிட்டால் உங்கள் பாலிசி வேலையே செய்யவில்லை என்று பொருள்.

வெளியே ஒரு தாய் பாலிசி எழுதி ‘ஷேப் ஆவரேஜ்’ (வெளியே அனுப்பும் வேகத்துக்கு வரம்பு) 19 எம்பிபிஎஸ் வையுங்கள், உங்கள் இப்போதைய பாலிசியை அதற்குள் பிள்ளையாகக் கட்டுங்கள். 20 என்று வைத்தால் ஈதர்நெட் ஹெடர் எல்லாம் சேர்ந்து விளிம்பில் இடிக்கும். பீளமேட்டில் ஒரு கஸ்டமருக்கு இதே கதைதான், அங்கே 10 எம்பி லைன், 9.5-இல் நின்றது.

இன்னொன்று, ப்ரையாரிட்டி 2 எம்பி போதுமா என்று பாருங்கள். ஜி.711 ஐபி அளவில் காலுக்கு 80 கேபிபிஎஸ், ஐபிசெக் உறை போர்த்தினால் 100-ஐத் தாண்டும். 14 பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒன்றரை எம்பி சொச்சம். உங்களுக்குப் போதும்.

பனியன்_நெட் · புதன், மாலை 5:50

இன்று 5 மணி தாண்டியும் குரல் உடையவில்லை! கிளாஸ்-டிஃபால்ட்டில் ட்ராப் ஏறுகிறது, வாய்ஸில் 0. லேப் அக்கா போனிலேயே ‘இன்னைக்கு நல்லாக் கேக்குதுங்க’ என்றார்.

ஒரே குறை: ஷேடு போட்டோ ஏறுவது முன்பைவிட மெதுவாகிவிட்டது என்று அவரே சொல்கிறார். 20-ஐ 19 ஆக்கியதற்கு இவ்வளவு வித்தியாசம் வருமா?

காளிங்கராயன் · புதன், இரவு 9:20

வராது. ஆபீஸ் ரூட்டரில் ‘ஷோ க்ரிப்டோ ஐபிசெக் எஸ்ஏ’ கொடுத்து ரீப்ளே தோல்வி எண்ணிக்கை இருக்கிறதா பாருங்கள்.

காரணம் இது. ஐபிசெக்கில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் என்க்ரிப்ட் ஆகும்போதே வரிசை எண் கிடைத்துவிடும். அதற்கப்புறம்தான் அது க்யூவுக்குள் போகிறது. க்யூவில் குரல் முந்திக்கொண்டு போகும், போட்டோ பாக்கெட் பின்னால் நிற்கும். அது ஆபீஸ் போய்ச் சேரும்போது அதைவிடப் பெரிய எண்ணுள்ள குரல் பாக்கெட்டுகள் நிறைய வந்து போயிருக்கும். எதிர்முனை எத்தனை எண் பின்தங்கியதுவரை ஏற்கும் என்பதற்கு ஒரு ஜன்னல் உண்டு, சிஸ்கோவில் டிஃபால்ட் 64. அதைவிடப் பின்தங்கியதை யாரோ பழைய பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று எண்ணி எறிந்துவிடும். டிசிபி அதை மறுபடி அனுப்பும், வேகமும் குறையும். க்யூஓஎஸ் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் இந்தத் தொல்லை தலைகாட்டும்.

ரீப்ளே ஜன்னலை 1024 ஆக்குங்கள். இரண்டு முனையிலும்.

பனியன்_நெட் · வியாழன், காலை 11:25

ரீப்ளே தோல்வி ஆயிரக்கணக்கில் இருந்தது அண்ணா. 1024 ஆக்கியதும் ஏறுவது நின்றுவிட்டது. போட்டோ பழைய வேகத்தில் போகிறது.

இனி இதைத் தினமும் கமாண்டு அடித்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. யாராவது ஸ்விட்ச் மாற்றினால் மறுபடி 40 ஆகிவிடும், ஆறு மாதம் யாருக்கும் தெரியாது. எதை எப்படிக் கண்காணிக்கலாம்?

சிறுவாணி · வியாழன், மதியம் 1:10

நான் செய்வதைச் சொல்கிறேன்.

சிஸ்கோவில் கிளாஸ் வாரியாகக் கணக்கு சொல்லும் எஸ்என்எம்பி மிப் (ரூட்டரின் எண்ணிக்கைகளைத் தூரத்திலிருந்து கேட்டு வாங்கும் பட்டியல்) இருக்கிறது, க்ளாஸ்-பேஸ்டு க்யூஓஎஸ் மிப். லிப்ரேஎன்எம்எஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் அதைத் தானாகக் கண்டுபிடித்து கிளாஸுக்கு ஒரு கிராஃப் வரையும். நான் முதலில் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு: ரூட்டர் ரீபூட் ஆனால் அந்த மிப்பின் இன்டெக்ஸ் எண்கள் மாறிவிடலாம். பழைய எண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கும் கிராஃப் தட்டையாகத் தரையில் கிடக்கும். ‘எஸ்என்எம்பி மிப் பெர்சிஸ்ட் சிபிக்யூஓஎஸ்’ போட்டால் எண்கள் நிலைக்கும். கான்ஃபிகை சேவ் செய்ய மறக்காதீர்கள்.

அலர்ட் இரண்டு வைத்திருக்கிறேன். வாய்ஸ் கிளாஸில் ட்ராப் வந்தால் ஒன்று, எல்லாரும் வைப்பதுதான். எனக்கு நிறையப் பயன்பட்டது இன்னொன்று: வேலை நேரத்தில் பதினைந்து நிமிடம் வாய்ஸ் கிளாஸ் பூஜ்யமாகவே இருந்தால் மெசேஜ் வரும். உங்கள் பிரச்சினையை அது முதல் நாளே சொல்லியிருக்கும். பிபிஎக்ஸிலிருந்து ஓடும் கால் எண்ணிக்கையை எடுக்க முடிந்தால் அதை 50-ஆல் பெருக்கி, கிளாஸின் பாக்கெட் கணக்கோடு ஒரே கிராஃபில் போடுங்கள். இரண்டு கோடும் ஒட்டி ஓட வேண்டும். பிரிந்தால் அந்த நிமிடமே கண்ணில் படும். காளிங்கராயன் அண்ணா சொன்ன கைக்கணக்கின் தானியங்கி வடிவம் அது.

5 நிமிட சராசரியை ரொம்ப நம்ப வேண்டாம். லைன் 8 நொடி நிரம்பினால் குரல் உடையும், சராசரியில் அது கரைந்துபோகும். அதற்கு ஐபி எஸ்எல்ஏ யூடிபி-ஜிட்டர் டெஸ்ட் (சோதனைப் பாக்கெட் அனுப்பித் தடுமாற்றத்தை அளக்கும் சிஸ்கோ வசதி) ஒன்றை டாஸ் 184 போட்டு ஓட விடுங்கள், எதிர்முனையில் ரெஸ்பாண்டர் வேண்டும். குறியில்லாமல் இன்னொன்றையும் பக்கத்தில் ஓட விடுங்கள். நெரிசல் நேரத்தில் 184 சமமாகவும் 0 தடுமாறியும் போனால் க்யூஓஎஸ் உயிரோடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து தடுமாறினால் குறி எங்கேயோ விழுந்துவிட்டது.

அமராவதிக்கரை · வியாழன், மதியம் 3:35

கரூரிலிருந்து. ஃப்ளோ தகவலையும் (யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு போனது என்ற பதிவு) சேர்த்துக்கொள்ளுங்கள். நெட்ஃப்ளோவில் ஒவ்வொரு ஃப்ளோவோடும் டாஸ் பைட் வரும். கிளாஸ் கவுன்ட்டர் எவ்வளவு என்று மட்டும் சொல்லும், யார் என்று சொல்லாது.

எங்கள் ஜவுளி கம்பெனியில் வாய்ஸ் கிளாஸ் ராத்திரி 2 மணிக்கு 2 எம்பியை முட்டி ட்ராப் காட்டியது. அந்த நேரத்தில் பேச ஆள் ஏது? டாஸ் 184 என்று ஃப்ளோவை வடிகட்டினேன். ஒரே ஐபி. கேமரா ரெக்கார்டர். அதன் மெனுவில் க்யூஓஎஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது, மாட்டிக் கொடுத்தவர் வீடியோ நல்லா வரட்டும் என்று அதில் 46 போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பகலில் அது எங்கள் குரலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ட்ரஸ்ட் கொடுத்தால் போனுக்கு மட்டும் கொடுங்கள். கேமரா, பிசி போர்ட்டுகளில் ஸ்விட்ச்சே 0 ஆக்கட்டும்.

மைக்ரோடிக் ரூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மேங்கிளில் (பாக்கெட்டுக்குக் குறி போடும் ரூல் பட்டியல்) டிஎஸ்சிபி 46-க்கு ‘பாஸ்த்ரூ’ ரூல் போட்டு எண்ணிக்கை பார்ப்பது வசதியான வழி. ஆனால் ஃபாஸ்ட்ட்ராக் என்ற குறுக்குவழி வசதி ஆனில் இருந்தால் பெரும்பாலான பாக்கெட் மேங்கிளைத் தொடாமலே போய்விடும். எண்ணிக்கை கொஞ்சமாக ஏறும், ஏதோ ஏறுகிறதே என்று ஏமாந்துவிடுவோம். ஃபாரின் பையர் வீடியோ காலுக்காக நான் போட்ட ரூல் முழுவதும் அப்படி வீணாகக் கிடந்தது. ஃபாஸ்ட்ட்ராக் ரூலுக்கு மேலே குரல் ட்ராஃபிக்கை அக்செப்ட் செய்துவிடுங்கள்.

சங்ககிரி_லோடு · வியாழன், மாலை 4:20

நான் சொன்னதில் பாதி வாபஸ். எங்கள் ரூட்டரிலும் போய்ப் பார்த்தேன், போர்ட் 1 ஜிபிபிஎஸ், ஷேப்பிங் இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். பனியன் ஆபீஸ் பக்கம் 46 வந்து சேருகிறது என்றால் சர்வீஸ்காரர் குறியை மதிக்கிறார் என்றுதானே அர்த்தம்?

காளிங்கராயன் · வியாழன், இரவு 9:45

நல்ல கேள்வி அண்ணா. அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. என்க்ரிப்ட் ஆகும்போது உள் பாக்கெட்டின் குறி வெளி ஹெடருக்கு நகலாகும், உள்ளே இருப்பது அப்படியே பூட்டப்பட்டுப் போகும். வழியில் யார் கழுவினாலும் வெளி ஹெடர்தான் கழுவப்படும். ஆபீஸில் பிரித்தால் உள்ளே 46 பத்திரமாக இருக்கும். வெளியே என்ன நடந்தது என்று அறிய ஆபீஸ் வேன் பக்கம், பிரிப்பதற்கு முன்னால், ஈஎஸ்பி (பூட்டிய ஐபிசெக்) பாக்கெட்டைப் பிடித்து அதன் டாஸைப் பார்க்க வேண்டும்.

டனல் இல்லாத லைனில் ட்ரேஸ்ரூட் (வழியில் உள்ள ரூட்டர்களைக் காட்டும் கமாண்டு) உதவும். லினக்ஸில் டாஸ் 184 வைத்து ட்ரேஸ்ரூட் ஓடவிட்டு வயர்ஷார்க்கில் (பாக்கெட்டைப் பிடித்துப் பார்க்கும் டூல்) பிடியுங்கள். டிடிஎல் (பாக்கெட் தாண்டக்கூடிய ரூட்டர் எண்ணிக்கை) தீர்ந்தது என்று ஒவ்வொரு ரூட்டரும் அனுப்பும் ஐசிஎம்பி பதிலுக்குள், அந்த ரூட்டர் நம் பாக்கெட்டை எப்படிப் பெற்றதோ அதன் ஹெடர் நகல் இருக்கும். மூன்றாவது ஹாப் வரை 184, நான்காவதில் 0 என்றால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கழுவியிருக்கிறார்கள். லீஸ்டு லைன் ஒப்பந்தத்தில் குரலுக்குத் தனி கிளாஸ் என்று காசு கட்டுகிறவர்கள் மாதம் ஒருமுறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும்.

பனியன்_நெட் · வெள்ளி, மாலை 6:40

எல்லாம் செய்துவிட்டேன். ஆபீஸ் வேனில் ஈஎஸ்பி பாக்கெட் பிடித்தேன்: யூனிட்டில் 184 என்று கிளம்பியது, இங்கே 0. சங்ககிரி அண்ணா முதல் நாள் சொன்னது சரிதான், வழியில் கழுவுகிறார்கள். ஆனாலும் குரல் உடையவில்லை, நெரிசல் நம் வாசலிலேயே அடங்கிவிடுகிறது.

பெர்சிஸ்ட் வரி போட்டு சேவ் செய்து, மதிய சாப்பாட்டு நேரத்தில் ரூட்டரை ரீபூட் செய்து பார்த்தேன். கிராஃப் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பூஜ்ய அலர்ட்டைச் சோதிக்க ஒரு மணி நேரம் வேண்டுமென்றே ‘ட்ரஸ்ட் காஸ்’ ஆக்கினேன். பதினாறாவது நிமிடம் போனில் மெசேஜ் வந்தது. மறுபடி ‘ட்ரஸ்ட் டிஎஸ்சிபி’க்கு மாற்றிவிட்டேன்.

சூப்பர்வைசர்கள் மொபைலில் போன் ஆப் வைத்து வைஃபை வழியாகப் பேசுகிறார்கள். அது மட்டும் 46 என்று வந்தாலும் வைஃபையில் முந்துவதாகத் தெரியவில்லை.

சிறுவாணி · வெள்ளி, இரவு 7:15

46-இன் மேல் மூன்று பிட் 5. நிறைய ஆக்சஸ் பாயின்ட்டில் 5 என்றால் வீடியோ வரிசை. குரல் வரிசை 6, 7-க்குத்தான். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8325 இதைத்தான் சரிசெய்யச் சொல்கிறது, 46-ஐ 6-க்குப் பொருத்த வேண்டும். கன்ட்ரோலரில் டிஎஸ்சிபி மேப் பக்கம் இருக்கிறதா பாருங்கள். எந்த மாடல் என்று சொல்லி தனி இழை திறங்கள் தம்பி, அங்கே வருகிறேன்.